கதவைச் சாத்திக்கொண்டு படித்தால் போதுமா?

தை பிறந்துவிட்டால் என் மருத்துவமனைக்கு வருகிறவர்களின் வயது குறைந்துவிடும். மூட்டுவலி, மூச்சிரைப்பு என்று வரும் பெரியவர்களுக்கு நடுவே, பத்தாம் வகுப்பும் ப்ளஸ் டூவும் படிக்கிற பிள்ளைகள் அம்மாவுக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி வந்து உட்காருவார்கள். தலைவலி, வயிற்றுப் புரட்டல், பசியின்மை, மலச்சிக்கல், ராத்திரியில் தூக்கம் வரவில்லை, பகலில் விழிக்க முடியவில்லை. நான் நாடி பார்த்து முடிப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிடுவார்.

"ஐயா, இவன் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிக்கான். ஆனா மார்க்குதான் வர மாட்டேங்குது. ஞாபக சக்திக்கு ஏதாவது லேகியம் குடுங்க."

அடுத்து வருகிற அம்மாவின் புகார் இதற்கு நேர்எதிர். "இவ ஒரு நிமிஷம் தனியா உட்கார மாட்டேங்கா. குரூப் ஸ்டடி, குரூப் ஸ்டடின்னு ஃப்ரெண்ட் வீட்டுக்கு ஓடுதா. அங்க படிக்காளுகளா, கதை பேசுதாளுகளான்னு யாருக்குத் தெரியும்?"

முதல் அம்மாவுக்குப் பிள்ளை தனியாகவே கிடக்கிறானே என்று கவலை. இரண்டாவது அம்மாவுக்குப் பெண் தனியாக இருக்க மாட்டேன் என்கிறாளே என்று கவலை. படிப்பு விஷயத்தில் வைத்தியருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளை எப்படிப் படிக்கிறது என்பதுதான் அது எத்தனை மணிக்குத் தூங்குகிறது, என்ன சாப்பிடுகிறது, பரீட்சையை நினைத்தால் வயிறு கலங்குகிறதா இல்லையா என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. அதனால் இது என் வேலையும்தான்.

தனியாகப் படிப்பது நல்லதா, சேர்ந்து படிப்பது நல்லதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பாடம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தால் கிடைக்கும்.

கரப்பான்பூச்சிக்கு வைத்த ஓட்டப்பந்தயம்

ராபர்ட் ஜயான்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1969-ல் தன் சகாக்களோடு சேர்ந்து ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். கரப்பான்பூச்சிக்கு வெளிச்சம் ஆகாது. விளக்கைப் போட்டால் இருட்டைத் தேடி ஓடும். அது ஓடுவதற்கு நேரான பாதை ஒன்று, வளைந்து திரும்பிப் போகவேண்டிய பாதை ஒன்று என்று இரண்டு அமைத்தார்கள். பாதையின் ஓரத்தில் மற்ற கரப்பான்பூச்சிகளைப் பார்வையாளர்களாகவும் உட்கார வைத்தார்கள்! (கண்ணாடிப் பெட்டிக்குள்தான்.)

என்ன ஆயிற்று தெரியுமா? நேரான பாதையில், பார்வையாளர்கள் இருந்தபோது பூச்சி வேகமாக ஓடியது. வளைந்த பாதையில், பார்வையாளர்கள் இருந்தபோது தடுமாறி நேரம் எடுத்துக்கொண்டது.

பூச்சிக்கும் நம் பிள்ளைக்கும் முடிச்சுப் போடாதீர்கள் டாக்டர் என்று கோபிக்க வேண்டாம். ஜயான்ஸ் 1965-லேயே மனிதர்களிடம் செய்த பல சோதனைகளைத் தொகுத்து இதைத்தான் சொல்லியிருந்தார். நன்றாகத் தெரிந்த வேலையை நாலு பேர் பக்கத்தில் இருக்கும்போது இன்னும் நன்றாகச் செய்வோம். புதிதாகக் கற்கிற வேலையை நாலு பேர் பார்க்கும்போது சொதப்புவோம். கோலம் போடக் கற்றுக்கொண்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். மாமியார் பக்கத்தில் நின்றால் புள்ளி தப்பும். கை பழகிவிட்ட பிறகு தெருவே நின்று பார்த்தாலும் கோலம் அழகாக விழும்.

பாடமும் அப்படித்தான். தொகை நுண்கணிதத்தை முதன்முதலாகத் திறந்து பார்க்கிற பிள்ளைக்கு, பக்கத்தில் வேகமாகப் போடுகிற நண்பன் உட்கார்ந்திருந்தால் மூளை கணக்கில் நிற்காது. 'அவன் முடிச்சிட்டானே' என்பதில்தான் நிற்கும். புதுப் பாடத்தோடு முதல் சந்திப்பு தனிமையில் நடக்க வேண்டும். தப்பாகப் போட்டு, அடித்து, திரும்பப் போட்டு, யாரும் பார்க்காமல் தடுமாறுவதற்கு ஒரு இடம் வேண்டும்.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தபோது குணபாடத்துச் செய்யுள்களை எல்லோரும் தனித்தனியாகத்தான் மனப்பாடம் செய்தோம். மொட்டை மாடியில் ஆளுக்கொரு மூலை. ஆனால் நாடி பார்ப்பதை அப்படிக் கற்க முடியுமா? ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம் என்று புத்தகத்தில் இருப்பதை நூறு தடவை சொன்னாலும், இன்னொருவன் மணிக்கட்டைப் பிடித்தால்தானே விரலுக்குப் புரியும்! அவன் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, சண்டை போட்டு ஆசிரியரிடம் போய் நிற்போம். ஒரே படிப்புக்குள் இரண்டு வகையும் இருந்தது.

திரும்பத் திரும்பப் படிப்பது படிப்பே அல்ல

சரி, தனியாக உட்கார்ந்த பிள்ளை என்ன செய்கிறது? பெரும்பாலும் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. மஞ்சள் பேனாவால் கோடு போடுகிறது. நாலாவது தடவை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கம்தான் ஆபத்து.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-ல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நாலு சுற்று வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று வாசித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, நாலு சுற்று வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை தலைகீழ். வாசித்தவர்களுக்கு நினைவில் நின்றது சுமார் 40 சதவீதம். மூடிவைத்து எழுதியவர்களுக்கு 61 சதவீதம்.

எனவே உங்கள் பையன் அறையில் எத்தனை மணி நேரம் இருந்தான் என்று கணக்குப் பார்க்காதீர்கள். புத்தகத்தை மூடிவைத்து ஒரு வெள்ளைத் தாளில் எத்தனை தடவை எழுதிப் பார்த்தான் என்று கேளுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டியது ராத்திரி ஒரு மணி வரை இழுப்பதற்கு இதுதான் பாதிக் காரணம். மீதிப் பாதிக்கு வருகிறேன்.

நன்னூல் போட்ட கணக்கு

இப்போது அந்தப் பெண்பிள்ளையின் கட்சிக்கு வருவோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலை நாம் இலக்கணப் புத்தகம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அதன் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். கூடப் படிக்கிறவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். கால், கால், அரை! மாதக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே இருக்கிற டியூஷன் எந்தப் பங்கில் வரும் என்று நீங்களே பாருங்கள்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இந்தக் கணக்கில்தான் ஓடின. ஒரே ஒரு வாத்தியார், பல வயதுப் பிள்ளைகள். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான். மணலில் விரலால் எழுத்து. 1789-ல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதி ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து அசந்து போனார். அதைத் தன் விடுதியிலும் வைத்துப் பார்த்தார். பலித்தது. 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்!

ஒருவருக்கு எடுத்துச் சொல்லும்போது ஏன் நமக்குப் புரிகிறது? அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் தன் வகுப்பில் ஒரு முறையைக் கடைப்பிடித்தார். கேள்வி போடுவார். முதலில் ஒவ்வொருவரும் பேசாமல் தனியாக யோசித்துத் தன் விடையைக் குறிக்க வேண்டும். அதன் பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். பிறகு மறுபடியும் விடையைக் குறிக்க வேண்டும். பேராசிரியருக்கு அந்தப் பாடம் புரிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தொடக்கத்தில் எங்கே இடறும் என்பது அவருக்கு மறந்தே போயிருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் புரிந்துகொண்ட பக்கத்துப் பையனுக்குத்தான் அந்த இடறல் ஞாபகம் இருக்கும்.

'தெரியாத நாலு பேர் சேர்ந்தால் என்ன தெரியப் போகிறது?' என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பில் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளிவந்தது. குழுவில் ஒருவருக்குமே ஆரம்பத்தில் சரியான விடை தெரியாவிட்டாலும், பேசி முடித்த பிறகு அதே மாதிரியான அடுத்த கேள்வியைத் தனியாகவே சரியாகப் போட்டவர்கள் கூடினார்கள். வாய்விட்டுக் காரணம் சொல்லும்போது பொய்யான காரணம் தானாகவே இளித்துவிடுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மஸூர் முறையில் தனியாக யோசிப்பது முதலில், பேச்சு அடுத்தது. இந்த வரிசையை மாற்றிவிட்டால் குரூப் ஸ்டடி என்பது கெட்டிக்காரன் போட்டதை மற்றவர்கள் பார்த்து எழுதும் கூட்டமாகிவிடும்.

சேர்ந்து சமைத்தவர்கள் பாஸானார்கள்

எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1970-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியருக்கு ஒரு சந்தேகம். பள்ளியில் நன்றாகப் படித்து வந்த கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள்? அக்கறை இல்லை, குடும்பம் சரியில்லை, அடிப்படை போதாது என்று சக ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இவர் கறுப்பின மாணவர் 20 பேரையும், நன்றாகத் தேறிவந்த சீன அமெரிக்க மாணவர் 20 பேரையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பல மாதங்கள் கூடவே இருந்து கவனித்தார்.

அக்கறையில் குறை ஒன்றும் இல்லை. கறுப்பின மாணவர்கள் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்தார்கள். ஆனால் முழுக்கத் தனியாக. சிக்கினால் கேட்க ஆள் இல்லை. தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சையில் அடி விழுந்தபோது காரணமே தெரியவில்லை. சீன மாணவர்களும் தனியாகப் படித்தார்கள், வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம். அதற்குப் பிறகு சாயங்காலம் ஒன்றாகக் கூடுவார்கள். சேர்ந்து சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், ஒருவர் விடையை ஒருவர் திருத்துவார்கள். எல்லோருக்குமே வராத கணக்கு என்றால் அது கடினமான கணக்கு என்று தெரிந்துவிடும். 'நான் மக்கு' என்று யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை.

ட்ரைஸ்மன் கறுப்பின மாணவர்களுக்காக ஒரு பட்டறை ஆரம்பித்தார். தோற்றவர்களுக்கான ஸ்பெஷல் கிளாஸ் இல்லை அது. கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து உட்கார்ந்து போடச் சொன்னார். தேர்ச்சி நன்றாக உயர்ந்தது.

என்னிடம் வயிற்றுக் கலக்கத்தோடு வரும் பிள்ளைகள் பலரிடம் நான் கேட்கும் கேள்வி இதிலிருந்து வந்ததுதான். "தம்பி, உனக்குப் புரியாத கணக்கு உன் கிளாஸ்ல வேற யாருக்கெல்லாம் புரியலைன்னு உனக்குத் தெரியுமா?" பெரும்பாலும் தெரியாது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது, தனக்கு மட்டும் இல்லை என்ற அந்தப் பயத்துக்கு ஓமத் திராவகம் கொடுத்து என்ன பயன்?

'ராமானுஜன் தனியாகத்தானே படித்தார்?' என்று ஒரு தகப்பனார் என்னை மடக்கினார். உண்மை. கும்பகோணத்தில் ஒரு பழைய கணிதத் தொகுப்பையும் ஒரு சிலேட்டையும் வைத்துக்கொண்டு தனியாகத்தான் மலையேறினார். ஆனால் ஏற்கெனவே ஐரோப்பாவில் கண்டுபிடித்தவற்றையும் திரும்ப ஒருமுறை தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1913-ல் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது, பேச ஒரு ஆள் வேண்டும் என்றுதானே!

அறைக்குள் இருக்கும் மூன்றாவது ஆள்

முதல் அம்மாவின் பையனுக்கு வருவோம். கதவு சாத்தியிருக்கிறது. ஆனால் அவன் தனியாக இருக்கிறானா? மேஜை மேல் போன். அதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப், டியூஷன் குரூப், பையன்கள் மட்டும் இருக்கிற குரூப், யூடியூப் பாடம், இன்ஸ்டாகிராம். நாற்பது பேர் அந்த அறைக்குள் நிற்கிறார்கள். ஜயான்ஸ் சொன்ன பார்வையாளர் கூட்டம்! ராத்திரி பதினொன்றரைக்கு ஒருத்தன் 'நான் கெமிஸ்ட்ரி முடிச்சிட்டேன்' என்று போடுவான். இவனுக்கு வயிற்றில் புளி கரையும்.

தனிமையும் இல்லை. துணையும் இல்லை. துணை என்றால் முகம் தெரிய வேண்டும், 'எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுடா' என்று கேட்கத் தெம்பு வேண்டும். குரூப்பில் ஒரு பிள்ளை சந்தேகத்தைப் படம் பிடித்துப் போடுகிறது, யாரோ விடையைப் படம் பிடித்துப் போடுகிறார்கள், நாற்பது பேர் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். இப்போது ஏ.ஐ.யிடம் கேட்டால் அரை நொடியில் விடையும் விளக்கமும் வந்துவிடுகிறது. தடுமாறவும் இல்லை, எடுத்துச் சொல்லவும் இல்லை. நன்னூல் கணக்கில் கால் பங்கோடு பாடம் முடிந்துவிடுகிறது.

நான் போனுக்கு விரோதி அல்ல. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது போனும் கல்வித் தொலைக்காட்சியும்தான் பாடத்தைக் கொண்டுவந்து சேர்த்தன. ஆனால் அதன் பிறகு 2021-ல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைச் சாயங்காலம் பிள்ளைகளோடு கூட்டி உட்கார வைக்க வேண்டியிருந்தது, பாருங்கள். திரையில் கேட்டது போதவில்லை.

டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆட்ரியன் வார்டும் அவர் சகாக்களும் 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சத்தம் வராமல் செய்த போனை மேஜையில் வைத்திருந்தவர்களைவிட, வேறு அறையில் விட்டுவிட்டு வந்தவர்கள் நினைவுச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் இதே மாதிரி செய்த எல்லா ஆய்வுகளிலும் இந்த வித்தியாசம் தெளிவாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வேறு அறையில் வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லையே. செலவில்லாத வைத்தியம்!

தூக்கத்துக்குப் பதில் லேகியம் இல்லை

மார்க்கு வராததற்கு மீதிப் பாதிக் காரணம் இதுதான். தூக்கம்.

சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று சொல்கிறது. பசி, தாகம், தும்மல், சிறுநீர் என்ற அந்த வரிசையில் தூக்கமும் ஒன்று. தூக்கத்தை அடக்கினால் தலைபாரம், கண் எரிச்சல், உடல் சோர்வு என்று வரும். இன்றைய விஞ்ஞானம், பகலில் படித்ததை மூளை பத்திரப்படுத்துவதே ராத்திரித் தூக்கத்தில்தான் என்கிறது. 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவச் சங்கம் 2016-ல் வரையறுத்தது. நம் வீட்டில் ஐந்து மணி நேரம் தூங்கினாலே 'எருமை மாதிரித் தூங்குறான்' என்கிறோம்!

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படிப்பது உசத்தி என்று நானும் சொல்வேன். எட்டு மணிக்கே படுக்கிற வீட்டில் மட்டும். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே சற்றுத் தள்ளிப்போகும், தூக்கம் தாமதமாகத்தான் வரும். பன்னிரண்டு மணிக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்புவது கொடுமை. ராத்திரி போனில் நடக்கும் 'வீடியோ கால் குரூப் ஸ்டடி'யை ஒன்பது மணியோடு நிறுத்துங்கள். வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல் உடம்புச் சூட்டைத் தணித்து, தூக்கத்துக்கும் துணை செய்யும். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம், பழக்கமில்லாத பிள்ளைக்குச் சளி பிடித்துக்கொள்ளலாம்.

அந்த ஞாபக சக்தி லேகியம்? வல்லாரைக்கு எங்கள் நூல்களில் நல்ல பெயர் உண்டு. வாரத்தில் ஓரிரு நாள் துவையலாக அரைத்துக் கொடுங்கள், தாராளமாக. ஆனால் கடையில் வல்லாரை மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் நீங்களாகவே கொடுக்காதீர்கள். அப்படிச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் செய்தி வந்திருக்கிறது. தூக்கத்தின் வேலையை எந்த மூலிகையும் செய்யாது.

உங்கள் வீட்டில்...

புதுப் பாடம் பார்க்கும் ஒன்றரை மணி நேரத்துக்குப் போன் சமையலறையில் இருக்கட்டும். உங்கள் போனும்தான். ஹாலில் சீரியல் அலறிக்கொண்டிருக்க, 'உள்ளே போய்ப் படி' என்றால் எப்படிப் படிப்பான்? தனி அறை இல்லாத வீடுகள்தான் நம்மில் அதிகம். ஒரு மூலை, ஒரு சுவர், அந்த நேரம் யாரும் கூப்பிடுவதில்லை என்ற உறுதி இவை போதும். கேட்டால் கிடைக்கும் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பதும் பார்வையாளர் வேலைதான்!

எடுத்துச் சொல்வதற்கு நண்பன்தான் வேண்டும் என்பதில்லை. பாட்டியை உட்கார வையுங்கள். மைட்டோகாண்ட்ரியா என்றால் என்னவென்று பாட்டிக்குப் புரியும்படி தமிழில் சொல்ல முடிந்தால் அந்தப் பாடம் பாஸ். "அது எதுக்குடா அங்க இருக்கு?" என்று பாட்டி கேட்கிற ஒரு கேள்வி பல கோச்சிங் கிளாஸ்களில் வராது.

பையன் என்றால் நண்பன் வீட்டுக்கு அனுப்புகிறோம். பெண் என்றால் 'காலம் கெட்டுக் கிடக்கு' என்று வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம். கூட்டாளி இல்லாமல் படிக்கும் கஷ்டம் நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம். அனுப்பப் பயமாக இருந்தால் கூப்பிடுங்கள். மூன்று பேர், அதிகம் போனால் நாலு பேர். வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம். வருவதற்கு முன்பே ஒவ்வொருவரும் அந்தப் பாடத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், சிக்கிய இடங்களைத் தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். போன்கள் ஒரு கூடையில். சுண்டலோ பயற்றங்கஞ்சியோ கொடுங்கள். சிப்ஸும் கூல்டிரிங்ஸும் வேண்டாம், அரை மணியில் கண் சொருகும். நடுவில் பத்து நிமிஷம் கதை பேசினால் பேசட்டும். அதுவும் மருந்துதான்.

திருப்புதல் நேரத்தில் இன்னொரு வழியும் உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் போய்ப் பாருங்கள். முன்பின் தெரியாத இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்து பேசாமல் படித்துக்கொண்டிருப்பார்கள். தெரிந்த பாடத்தைப் பழகுவதற்கு அந்த மௌனக் கூட்டம் நல்ல துணை. உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் மேஜை இருக்கும்.

சில பிள்ளைகள் இயல்பிலேயே அமைதி. அவர்களைக் கூட்டத்தில் தள்ளாதீர்கள், ஒரே ஒரு நண்பன் போதும். ஆனால் முன்பு கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று அறையை விட்டு வராமல், சாப்பாடு குறைந்து, பழைய நண்பர்களையும் ஒதுக்கி, 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், அது படிப்புப் பிரச்னை அல்ல. பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, அந்த இரண்டாவது அம்மாவின் சந்தேகம். அங்கே படிக்கிறார்களா, கதை பேசுகிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேவு பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். "நான் அந்தக் கணக்கை இவ்ளோ நாளா தப்பாப் போட்டுட்டு இருந்தேம்மா" என்று சொல்லிக்கொண்டே நோட்டைத் திறந்தால், அடுத்த வாரமும் அனுப்புங்கள். யார் எத்தனை பாடம் முடித்தார்கள், யார் எந்தக் கோச்சிங்கில் சேர்ந்தார்கள் என்ற கணக்கு மட்டும் வந்தால், கூட்டாளிகளை மாற்றிப் பாருங்கள்.